பாவுக்கஞ்சியில் மருந்து

சின்னாளபட்டிப் பாண்டிச்செல்வியிடம், "கோழிக்குக் கம்பெனித் தீவனம் வாங்கிப் போட்டா என்ன?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "நான் கோழி வளக்குறனா, தீவன மூட்டைக்காரன வளக்குறனா?" என்று ஆரம்பித்தால் லேசில் ஓயமாட்டாள். கேட்டவர் காது புண்ணாகாமல் வீடு போய்ச் சேர்ந்தால் பெரிய விஷயம்.

அவள் கைவசம் இல்லாத தீனியா? பழைய பானைக்குள் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து வேலியோரம் கவிழ்த்து வைப்பாள். விடிந்து தூக்கினால் கரையான் மொய்த்துக் கிடக்கும். குஞ்சுகள் அடிதடி போட்டுத் தின்னும். முருங்கைக்கீரை உண்டு, சந்தையில் கழித்துப்போட்ட கோஸ் இலை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே பாவுக்கஞ்சி. புருஷன் ஆவுடையப்பன் தறிக்காரர். நெய்யப்போகிற நூலைப் பாவாகத் தெருவில் நீட்டிக் கட்டி, விறைப்பாக நிற்க அரிசிக்கஞ்சி பூசுவார். மிஞ்சியதைத் தவிட்டில் பிசைந்து வைத்தால் கோழிகளுக்கு அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடுதான்.

வீடு மாமனாருடையது, தறி புருஷனுடையது. என்னுது என்று அவள் வாய்நிறையச் சொல்லிக்கொள்ள அந்தக் கோழிகள் மட்டும்தான் இருந்தன. ஐப்பசி மழையில் தெருவிலுள்ள கோழிகளுக்கெல்லாம் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து, பக்கத்து வீட்டுச் சொர்ணலட்சுமியின் கூடு சுத்தமாகக் காலியானதிலிருந்து இவள் தன் கோழிகளை நாளுக்கு நாலு தடவை எண்ணினாள்.

"ஏங்க, மாட்டாஸ்பத்திரிப் பக்கம் போனா கோழிக்கு மருந்து வாங்கியாங்க" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அவரும் "ஆகட்டும், ஆகட்டும்" என்றுகொண்டே இருந்தார்.

ஒருநாள் காலை மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்தது. இந்த வெயிலை விட்டால் பாவு காயாது. ஆவுடையப்பன் வேண்டிய கஞ்சியை வாளியில் மொண்டுகொண்டு தெருவுக்கு ஓடினார். ஓடுகிற ஓட்டத்தில் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஏ செல்வி, கஞ்சியில மருந்து போட்ருக்கு!"

அடடா, மனுஷனுக்கு ஞாபகம் இருக்கிறதே! அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. சட்டியில் மிஞ்சிய கஞ்சியில் லேசாக நீலம் ஓடியிருந்தது. மருந்தின் நிறம் போல என்று நினைத்தாள். கூடத் தின்றால் இன்னும் நல்லதுதானே என்று மொத்தத்தையும் தவிட்டில் கொட்டிப் பிசைந்தாள். கோழிகள் கொத்திப் பார்த்து ஒதுங்கின. மருந்தென்றால் கசக்கத்தானே செய்யும்? மேலே ரெண்டு பிடி கம்பைத் தூவி, பக்கத்திலேயே உட்கார்ந்து, தாஜா பண்ணித் தின்னவைத்தாள்.

பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தாள். சேவல் கழுத்தைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் அங்கங்கே சரிந்து கிடந்தன. புள்ளிக்கோழி அலகில் நுரை.

"ஐயய்யோ! ஏங்க, ஓடியாங்க!"

கஞ்சி சொட்டும் கையோடு ஆவுடையப்பன் ஓடிவந்தார். "என்னத்தடி வச்ச?"

"நீங்க மருந்து போட்ட கஞ்சிதாங்க."

அவர் முகம் செத்துப்போயிற்று. "அடிப்பாவி, அது மயில்துத்தம், விஷம்டி! மழை ஈரத்துல பாவு பூஞ்சை புடிக்குதேன்னு போட்டேன். கோழிக்கு வச்சிராதேன்னுதானே சொல்லிட்டுப் போனேன்!"

"வைக்காதேன்னு எங்க சொன்னீங்க? மருந்துன்னுதானே சொன்னீங்க!"

விஷத்துக்கும் மருந்து, வியாதிக்கும் மருந்து. ஒரே சொல்லை அவர் எச்சரிக்கையாகச் சொல்ல, இவள் வரமாக வாங்கிக்கொண்டாள். தாஜா பண்ணின தன் கையையே அவள் வெறித்துப் பார்த்தாள்.

சத்தம் கேட்டு வந்த சொர்ணலட்சுமிதான் மாட்டாஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "மதினி, முட்டை வெள்ளைக்கருவ ஊத்தச் சொல்றாக. சீக்கிரம்!" என்று கத்தினாள். தெருவில் பாவு நூலோடு நூல் ஒட்டிக் காய்ந்து வீணாகிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கோழிகளை மடியில் போட்டு அலகைப் பிரித்துப் பிடித்தார், அவள் ஊற்றினாள். குஞ்சு ஒன்றும் தேறவில்லை. சேவலும் புள்ளியும் அவர் மடியிலேயே போயின. கருப்பியும் இன்னும் ரெண்டு கோழிகளும் பிழைத்தன.

மறுநாள் அவள் வெறும் தவிட்டை நல்ல தண்ணீரில் பிசைந்து வைத்து, "பா, பா" என்று கூப்பிட்டாள். மூன்றும் வேலியோரம் நின்று அவள் கையைப் பார்த்தன. அவள் ஓரடி முன்னால் போனாள். ஓரடி பின்னால் போயின.

"ஏ கருப்பி, நான் கொல்லணும்னா வச்சேன்?" என்றாள். சட்டியில் ஒரு கை அள்ளித் தன் வாயில் போட்டாள். "இந்தா பாரு, நானே திங்கிறேன்."

தவிடு தொண்டையில் ஒட்டியது. மென்று விழுங்கிவிட்டு இன்னொரு கை அள்ளினாள். கருப்பி அந்தக் கையைப் பார்த்தபடியே நின்றது.