பதினோராவது ரீல்

அம்பத்தூர் ரயிலடிக்குப் பின்னால் நெல் அடிக்கிற களம் ஒன்று இருந்தது. ஒரு மாசி மாதம் அந்தக் களத்தில் கூடாரம் போட்டுப் படம் காட்ட வந்தார்கள். பட்டணத்தில் பேசும் படம் வந்துவிட்டது என்று சொன்னார்கள். எங்கள் பக்கம் வந்ததெல்லாம் இன்னும் வாய் பேசாத படம்தான். திரையில் ஆள் வாயை மட்டும் அசைப்பான். நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வந்து போகும். அதைப் படிக்க எங்களில் யாருக்குத் தெரியும்? அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் கையில் பிரம்பும் வாயில் தகரக் குழலுமாக நின்றுகொண்டு கதை சொல்ல வேண்டும். அந்த மாசியில் அப்படி நின்றவன் நான்.

நான் அயனம்பாக்கத்துக்காரன். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் அம்மன் கிருபையால் குரல் உண்டு. பங்குனித் திருவிழாவில் பத்து நாளும் கோயிலில் அம்மன் கதை படிப்பது என் கைங்கரியம். நான்கு வருஷமாகக் கதை படிக்கிறவர் உட்காரும் பலகையில் உட்கார்ந்திருந்தேன். வருஷம் முழுவதும் சேற்றில் நிற்கிற காலுக்கு அந்தப் பத்து நாள்தான் மரியாதை. அதைவிடப் பெரியதாக நான் சாமியிடம் எதுவும் கேட்டதில்லை.

கூடாரத்துக்குக் கதை சொல்ல வந்திருந்தவர் தொண்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். கூடாரத்து முதலாளி நான் கோயிலில் கதை படிப்பதைக் கேட்டிருந்தார் போலிருக்கிறது, என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். நான் முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். ஆனால் பங்குனித் தேருக்கு, படத்துக்கு மின்சாரம் தருகிற தன் இன்ஜினை வைத்து மின்சார விளக்கு போட்டுத் தருகிறேன் என்றார் அவர். அம்மன் முகத்தில் மின்சார வெளிச்சம் விழுவதை நினைத்துப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். கதை சொல்லும் ஆசையும் உள்ளே இருந்தது. அதை மறைத்தால் பாவம்.

வந்த படமோ வெட்டுக்குத்துப் படம். எந்த தேசத்துப் படமோ, தெரியாது. நாலு கிழவர்கள். வாலிபத்தில் எந்த ராஜா பணம் கொடுத்தாலும் அவனுக்காகப் போய்ச் சண்டை போட்டவர்கள். வயசானதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆளுக்கொரு பிழைப்பு பார்க்கிறார்கள். ஒருவன் தோட்டம் போடுகிறான். ஒருவன் குதிரைக்கு லாடம் அடிக்கிறான். ஒருவன் துறைமுகத்தில் சோற்றுக்கடை வைத்திருக்கிறான். கடைசி ஆள் ஒரு மாதா கோயிலில் மணி அடிக்கிறவன். இவர்களைக் கறுப்பு அங்கி போட்ட ஒருத்தன் ஒவ்வொருவராகத் தேடி வந்து பழி தீர்க்கிறான். முன்னொரு காலத்தில் இவர்கள் கொளுத்திய கிராமத்தில் பிறந்தவன் அவன்.

இதையெல்லாம் மெஷின் ஓட்டுகிற ஆபரேட்டர்தான் மத்தியானம் உட்காரவைத்து எனக்குச் சொன்னார். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். "கூலிக்குச் சண்ட போட்டு ரிடேர் ஆனவங்க அண்ணாத்தே, அவ்ளோதான்" என்றார். எனக்கு அதில் கூலி என்ற ஒரு சொல்தான் மனசில் நின்றது. முதல் நாள் படம் தொடங்கியதும், "இதோ நிற்கிறார்களே, இந்த நாலு பேரும் கூலிக்காரர்கள்" என்று குழலில் சொல்லிவிட்டேன்.

மணல் தரையில் முன்வரிசை முழுக்க ரயில்வே கேங் ஆட்கள். தண்டவாளத்துக்கு ஜல்லி போட்டு, கட்டை தூக்கி, முதுகு வளைந்தவர்கள். நான் சொன்னதும் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் மேஸ்திரியாக இருந்தவர் பீடியை அணைத்துவிட்டு, "நம்ம ஆளுங்கடா" என்றார். கூலிப்படைக்காரர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு எனக்கு உடனே புரிந்தது. ஆனால் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது? அன்றையிலிருந்து அந்த நாலு கிழவர்களும் கேங்காருக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். லாடக்காரனைக் குத்தும்போது, "பின்னால பாரு நைனா" என்று மணலிலிருந்து நாலு குரல் கேட்கும்.

இரண்டு நாளைக்குள் சங்கதி எங்கள் கோயில் தர்மகர்த்தா காதுக்குப் போனது. அவர் குரலை உயர்த்தாத மனிதர். அதுவே எங்களுக்குப் பயம். வரப்பில் என்னை நிறுத்தினார்.

"ஏம்பா, கொலகாரன் கதைய சொல்ற வாயால அம்மன் கதைய எப்டி படிப்ப?"

விளக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நம் கோயிலில் ஒரு முறை உண்டே, அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்காதா? எங்கள் கோயிலில் கதையைச் சாவில் நிறுத்தக் கூடாது. ஒரு சாவைப் படித்தால், எவ்வளவு நேரமானாலும் மேலே படித்து ஒரு பிறப்பிலோ கல்யாணத்திலோ பட்டாபிஷேகத்திலோ கொண்டுபோய் விட்டு, மங்களம் பாடி, எல்லோருக்கும் திருநீறு கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். சாவோடு எழுந்து போனால் ஊரில் ஏதோ ஒரு வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் நம்பிக்கை. உன் கூடாரத்துக் கதை எதில் முடிகிறது என்று கேட்டார். அது கிழவன் சாவில் முடிகிற படம்.

"வெள்ளிக்கிழம நானே வந்து கேக்கறேன். அப்புறம் சொல்றேன், பலகை உனக்கா வேற ஆளுக்கான்னு."

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"லைட்டுக்கு ஆசப்பட்டு இருக்கற வெளக்க அணைச்சிக்கினு வந்துகீற. நல்லா கீது."

சொன்னாளே தவிர, வெள்ளிக்கிழமை காலையில் அவளே அம்மன் கோயிலுக்குப் போய் ஒரு பொட்டலம் திருநீறு வாங்கி வந்து என் மடியில் செருகினாள். அன்று என்னோடு அவளும் கூடாரத்துக்கு நடந்து வந்தாள். பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் படம் தொடங்கியது. தர்மகர்த்தா பின்னால் நாற்காலி வரிசையில், துண்டை மடித்துத் தொடைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதே படத்தைப் பூந்தமல்லிக் கூடாரத்திலும் காட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே பெட்டி. அங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் ஒருத்தர் ஏரிக்கரை வழியாக எங்களிடம் கொண்டுவருவார். மொத்தம் பதினொரு ரீல். மூன்று நான்காகச் சேர்த்து வந்துகொண்டிருக்கும். அன்றைக்குப் பத்து ரீல் வந்து சேர்ந்தது. பதினோராவது வரவில்லை.

பத்தாவது ரீல் முடிகிற இடம் இது: மூன்று கிழவர்கள் செத்தாயிற்று. மணிக்காரன் மட்டும் கோபுரத்து உச்சியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கறுப்பு அங்கிக்காரன் படியேறி வந்து கத்தியை ஓங்குகிறான். அதோடு திரை வெளுத்துவிட்டது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் என் பக்கத்தில் ஓடிவந்து, சைக்கிளைக் காணோம், எப்போது வருமோ தெரியாது என்று காதில் சொன்னார்.

முதலாளி எழுந்து, இன்றைக்கு இவ்வளவுதான், நாளைக்கு வாருங்கள் என்றார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மேஸ்திரிதான் பேசினார்.

"மூணு பேரும் செத்துட்டாங்க. நாலாவது ஆளு தலமேல கத்தி நிக்குது. இத்த பாத்துட்டு எப்டி ஊட்டுக்குப் போயி சோறு துண்றது? நீ சொல்லு அண்ணாத்தே, இன்னா ஆச்சு?"

அவர் கேட்டது என்னைத்தான். நான் பின்னால் பார்த்தேன். தர்மகர்த்தா அசையவில்லை. அவர் கண் என்மேலேயே இருந்தது. படத்தில் உள்ளபடி சொன்னால் கிழவன் சாக வேண்டும், சாவோடு இவ்வளவு பேரும் வீட்டுக்குப் போக வேண்டும், என் பலகையும் அதோடு போகும். பொய் சொல்லலாமா? மடியில் இருந்த பொட்டலத்தைத் தொட்டுக்கொண்டேன். அம்மா, வாயைத் திறக்கிறேன், வார்த்தையை நீ வை என்று கும்பிட்டேன். தகரக் குழலைக் கீழே வைத்துவிட்டேன். கோயிலில் படிக்கிற குரலில் தொடங்கினேன்.

கத்தி ஓங்கியவனைக் கிழவன் தடுக்கவில்லை என்றேன். தம்பி, உன் ஊரை நான்தான் கொளுத்தினேன், இந்தக் கைதான் என்று நீட்டினான் என்றேன். அடுத்தது என் வாய்க்குத் தானாக வந்தது. இரண்டாவது ரீலில் அந்தக் கிழவன் தினம் சாயங்காலம் மணி அடிப்பதைக் காட்டுவார்கள். எதற்கு அடிக்கிறான் என்று அந்த நாலு நாளும் நான் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. அன்றைக்குச் சொன்னேன்.

"தினம் சாயங்காலம் இந்த மணியை எத்தனை தடவை அடித்தான், பார்த்தீர்களா? இந்தக் கறுப்பு அங்கிப் பிள்ளையின் ஊரில் எத்தனை வீடோ அத்தனை தடவை. எரிந்த ஒரு வீட்டையும் விடாமல், இருபது வருஷமாகக் கணக்கு வைத்து அழுதுகொண்டிருக்கிறான்."

மணலில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. கிழவன் அவனைப் பார்த்து, தம்பி, கூலி கொடுத்தவன் ஏவினான், கூலி வாங்கியவன் செய்தான், ஆனாலும் செய்தவன் கையில்தான் கரி ஒட்டும், அதை நான் கழுவ முடியாது, நீ வெட்டினால் சந்தோஷமாகச் சாகிறேன், ஆனால் நாளைக்கு உன் ஊருக்காக மணி அடிக்க ஆள் வேண்டும், அந்த வேலையை நீ எடுத்துக்கொள் என்று சொல்லி, கயிற்றை அவன் கையில் கொடுத்தான் என்றேன். கத்தி பிடித்த கையால் கயிற்றைப் பிடிக்க முடியாதே. அதனால் அவன் கத்தியைக் கீழே போட்டான் என்றேன்.

அந்த இடத்தில் மேஸ்திரி எழுந்தார். கூடாரத்து வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். படம் தொடங்குவதற்கு முன்னால் அதை அடிப்பார்கள். அவர் நேராகப் போய் இரும்புக் கம்பியை எடுத்து அதை அடித்தார். தண்டவாளத்தோடு பிறந்து வளர்ந்த கை அது. ரயிலடி வரை கேட்டிருக்கும். படத்துக்குப் பக்கவாத்தியமாக ஆர்மோனியம் வாசிக்கிறவரும் கட்டையில் விரலை வைத்தார். அதற்குப் பிறகு எனக்கு என்ன தடை? எரிந்த ஊரைக் கிழவனும் பிள்ளையும் சேர்ந்து மறுபடி கட்டினார்கள், கூரை போட்டார்கள், அந்த ஊரிலேயே அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நடந்தது, மணி அடித்துக்கொண்டே இருந்தது என்று கொண்டுபோய் விட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து குலவை எழுந்தது. முதல் குலவை யாருடையது என்று எனக்குத் தெரியும். அவளோடு வாழ்கிறவனுக்குத் தெரியாதா?

வாய் பழக்கம், மங்களம் பாடிவிட்டேன். ஜனங்களுக்கும் பழக்கம், மங்களம் கேட்டதும் கையை நீட்டிக்கொண்டு எழுந்தார்கள். சினிமாக் கூடாரத்தில் திருநீறு கொடுத்தது நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பொட்டலத்தைப் பிரித்து முன்னால் நின்ற கையில் போட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். நாற்காலி வரிசையிலிருந்து எல்லோரையும் தாண்டி வந்து, வலது கையின் கீழே இடது கையை வைத்து நின்றுகொண்டிருந்தவர் தர்மகர்த்தா. அவர் இட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

பாதிப் பேருக்குக் கூடக் கொடுத்து முடிக்கவில்லை, சைக்கிள்காரர் வந்துவிட்டார். கருவேல முள் ஏறி டயர் பஞ்சராகி, ஏரிக்கரை முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். வேர்த்து விறுவிறுத்து, ரீல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. டிக்கெட் வாங்கியவர்களுக்குக் குறை வைக்கக் கூடாது என்று ஓட்டச் சொன்னார்.

ஓடியது. கோபுரம் வந்தது. கிழவன் வந்தான். கறுப்பு அங்கிக்காரன் கத்தியை இறக்கப் போனான். மணலிலிருந்து ஒரே இரைச்சல்.

"யோவ், இது வேற படத்து ரீலுயா."

"அவந்தான் கத்திய கீழ போட்டுட்டானே. மறுபடி எங்கேர்ந்து வந்துது?"

"பூந்தமல்லிக்காரன் மாத்தி அனுப்பிட்டான்டா, வேணும்னே."

ஆபரேட்டர் இதுதான் சரியான ரீல், நம்பர் போட்டிருக்கிறது என்று பெட்டியைத் தூக்கிக் காட்டினார். யார் கேட்பது? அப்போது தர்மகர்த்தா பேசினார். உயராத குரல்தான். ஆனால் கூடாரமே அடங்கியது.

"நிறுத்துப்பா அத. கத முடிஞ்சு துண்ணூறு குடுத்தாச்சு."

இன்ஜின் நின்றது. கிழவன் தலைக்கு மேலே கத்தி அப்படியே நின்று, மெல்ல மங்கி, இல்லாமல் போய்விட்டது. வெளியே வரும்போது தர்மகர்த்தா என் பக்கம் திரும்பாமலே, பங்குனிக்கு முதல் நாள் சீக்கிரம் வந்து பலகையைத் துடைத்து வை என்றார்.

அதற்குப் பிறகு படம் ஓடிய எட்டு நாளும் எங்கள் அம்பத்தூர்க் கூடாரத்தில் பத்து ரீல்தான். பதினோராவது வந்தாலும் பெட்டியிலேயே இருக்கும். திரையை வெளுக்கவிட்டு நான் முடிவு சொல்வேன், மேஸ்திரி தண்டவாளத்தை அடிப்பார். பூந்தமல்லியில் படம் பார்த்தவர்கள்கூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், அங்கே கிழவனைச் சாகடித்துவிட்டார்கள் என்று புகார் சொல்லிக்கொண்டு.

பங்குனியில் முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. தேர் தெரு முனை திரும்பியபோது இன்ஜின் போட்டார்கள். அம்மன் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. மூக்குத்தி அப்படி மின்னி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தேர் வடத்தைப் பிடித்திருந்தவர்களில் பாதிப் பேர் கேங்கார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் என் மனைவி கும்பிட்ட கையை இறக்காமலே என்னைப் பார்த்தாள்.

"இன்னா, பொய் சொன்னதுக்கு அழுவுறியா?"

"பொய்யா அது?"

அவள் அம்மனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இல்ல. அந்த ரீலுதான் பொய்யி."