கிடாவின் இரண்டாவது இரத்தம்

முதல் இரத்தம் எடுத்த இருபத்தெட்டு நாட்களுக்குள் இரண்டாவது எடுக்கப்படாவிட்டால், அந்தப் பிராணி கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். கால்நடைத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த விதி மனப்பாடம்.

திருத்துறைப்பூண்டியில் என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொரோனா வந்து போயிருந்தது. வீட்டுப் பிராணிகளுக்கு அந்த வைரஸை எதிர்க்கும் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க வந்த குழு, அவள் வளர்த்த கிடாவின் கழுத்தில் இரத்தம் எடுத்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்து இரண்டையும் ஒப்பிடுவார்களாம். அதுவரை விற்கவோ அறுக்கவோ கூடாது.

துபாயில் அவள் கணவர் இதே நோயில் மூச்சுத் திணறிக் கிடந்தபோது பிறந்த குட்டி அது. அவர் பிழைத்து வந்தால் ஹஜ்ஜுப் பெருநாளில் அவர் கையாலேயே அறுத்துக் குர்பானி என்று நேர்ந்திருந்தாள். இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் அவருக்கு லீவு கிடைத்தது. வேறு கிடா வாங்கலாமே என்றேன். நேர்ந்ததை மாற்ற முடியாது என்றாள்.

குழு திரும்ப வரவில்லை. பெருநாளுக்கு மூன்று நாள் முன்பே கெடு முடிகிறது. பேசாமல் இருந்திருக்கலாம். எதுவும் எழுத்தில் இருக்கட்டும் என்றே காலம் தள்ளியவன் நான். விடுவிப்பை உறுதி செய்யக் கோரி அவள் பெயரில் மனு எழுதி, துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்தேன்.

பெருநாளுக்கு முந்தின நாள் மருத்துவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"எழுதாம இருந்திருந்தா தானா விட்டுருக்கும் சார். விளக்கம் கேட்டுட்டீங்க. இப்ப மேல பரிசீலனையில இருக்கு. அறுங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவர் இடத்தில் நானும் அதையே சொல்லியிருப்பேன். பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்குப் போய் விவரம் சொன்னேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார், அறுத்துடுறோம்" என்றாள் அவள். ஓய்வு பெற்றவன் வார்த்தை செல்லாது என்றேன். கணவர்தான் சிரித்தார். "ஏர்போர்ட்ல மூக்குல குச்சிய விட்டுட்டு என்னயவே போகச் சொல்லிட்டாங்க. இதுக்குத்தான் பேப்பர் சரியில்ல போல."

அவள் சிரிக்கவில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து தெருவெல்லாம் கறி பங்கிட்டார்கள். அவர்கள் கொல்லையில் கிடா அகத்திக்கீரை தின்றுகொண்டிருந்தது. குர்பானிக்குரிய நாட்கள் தீரும்வரை தபால்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்தி விசாரித்தேன். அடுத்த வாரம் அவள் கணவர் விமானம் ஏறினார். இனி இரண்டு வருடம் கழித்துத்தான் லீவு.

கிடாவை விடுவிக்கலாம் என்ற பதில் ஆகஸ்ட் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை வந்தது.