ஏழு மைலும் இருபது மைலும்

ஓவர்சியர். ஊர்க்கவுண்டர். வீட்டுக்கு ஒருவராகப் பதினான்கு பேர். அவர்களில் ஒருவன் என் மூட்டைகளைச் சுமக்கும் சடையன். பிறகு, கீழேயிருந்து மிளகு வாங்க வந்த நான்.

மலைமேல், அரியூர் நாட்டில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறோம். மேகம் ஆட்களுக்கு நடுவே நடந்து போகிறது. அடிவாரத்தோடு நிற்கும் ரோட்டை இந்த இடம்வரை நீட்டலாமா என்று பேச்சு. நீட்டினால் வீட்டுக்கு ஓர் ஆள் நாற்பது நாள் கூலியில்லாமல் மண் வெட்ட வேண்டும்.

"மொத்தம் இருபது மைல்," என்கிறார் ஓவர்சியர்.

"நான் ஏழு மைல்ல ஏறி வாரனுங்க," என்கிறான் சடையன். "மிச்சம் பதிமூணு மைலு யாரு ஊட்டுக்குங்க?"

எல்லோரும் சிரிக்கிறார்கள்.

"வளைஞ்சு வளைஞ்சு ஏறும்ப்பா. வண்டியில வெச்ச சொம்புத் தண்ணிகூடச் சிந்தாது," என்கிறார் ஓவர்சியர்.

சடையன் சிரிப்பை நிறுத்துகிறான். அவன் மனைவி இடுப்பு முறிந்து படுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் தூளி கட்டி இறக்கியபோது, முதல் சரிவிலேயே அவள் அலறியதில் திரும்பிவிட்டார்கள்.

"படுத்திருக்கிற ஆளும் அலுங்காதுங்களா?"

"அலுங்காது."

"ரோடு வந்தா உனக்குச் சுமை கிடைக்காதே," என்கிறேன்.

"போவுதுங்க பாய்."

ரோடு வேண்டும் என்றால் பாறையின் வலப்பக்கம் கல் வைக்க வேண்டும், வேண்டாம் என்றால் இடப்பக்கம். அது இவர்கள் வழக்கம். மேகம் இறங்கி எல்லோரையும் மூடுகிறது. கல் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த வெள்ளைக்குள் எங்கோ ஒரு வண்டி மெதுவாக ஏறி வருவதுபோல் எனக்கு இருக்கிறது.

மேகம் விலகியதும் கவுண்டர் எண்ணுகிறார்.

இடப்பக்கம் பதினொன்று. வலப்பக்கம் மூன்று.