சகலைக்காகத் திருப்பி ஓட்டிய வண்டி

அருவி மேலே ஏறிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். கண்டாலா மலைச்சரிவில், பாறைக்கு அடியில் நுரைத்துக் கிடந்த தண்ணீர் ஒன்றாகக் கூடி, வெள்ளை வேட்டியை யாரோ மேலிருந்து இழுப்பதுபோல் ஏறி, மலை உச்சியில் மேகத்துக்குள் போய் மறைந்தது. நான் நின்றுகொண்டிருந்த இடம் கண்டாலா அல்ல. புனே ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டயாலிசிஸ் நடக்கும் அறை. உள்ளங்கை அளவுத் திரையை வலது கையில் பிடித்தபடி என் சகலை படுத்திருந்தார். இடது கையில் குழாய்கள். "பாரும்வே, தண்ணி வீட்டுக்குப் போவுது" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் உடம்பு குலுங்க, மராட்டிக்கார நர்ஸ் ஓடி வந்து, "காகா, ஹலூ நகா!" என்று அவருடைய இடது கையை அழுத்திப் பிடித்தாள். அசையாதே என்றால் அசையாமல் இருக்கிற மனிதர் அல்ல அவர்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காள் கணவர். இருவருக்குமே திருநெல்வேலிப் பக்கம். பிழைப்பு என்னைச் சிஞ்ச்வட்டில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோருக்குக் கொண்டுவந்தது. அவரைக் கோர்படி ரயில்வே காலனிக்குக் கொண்டுவந்தது. அவர் கார்டு. கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்கிறவர். பணி ஓய்வு பெற்ற நாளில், புனேயிலிருந்து மும்பைக்குப் போகும் வண்டியில் அவருக்குக் கடைசி டியூட்டி. அவருடைய மாப்பிள்ளை, பாணேரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கேமராவோடு கார்டு பெட்டியில் ஏறிக்கொண்டார். பிளாட்பாரத்தில் மாலையோடு நின்று கையசைத்த சகலையின் மனைவி, என் மதினியில் தொடங்கி, மழைக்கால மலைப்பாதையெல்லாம் இறங்கி, கர்ஜத் வந்து கேசட் தீரும் வரைக்கும் பின்பக்கமாகவே படம் பிடித்தார். அந்தக் கேசட்டுகளின் மேலேயே பிறகு பேரனின் பிறந்தநாளையும் எடுத்துவிட்டார்கள் என்பதால், கம்ப்யூட்டருக்குள் ஏற்றி வைத்திருந்ததுதான் மிஞ்சிய ஒரே மூலம். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை அந்தக் கம்ப்யூட்டரை என்னிடம் விட்டுப் போனார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மழைக்காலத்து ஈரம், மின்வெட்டு, எறும்பு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்தேன். மேலே ஒரு துண்டைப் போர்த்தினேன். சூடாகிவிடுமோ என்று துண்டை எடுத்தேன்.

ஓய்வுபெற்றுச் சில வருஷங்களில் சகலையின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுக்கை. ஊசியை அவர் பொருட்படுத்தவில்லை. கூரையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "ஓடுற வண்டியில நின்னே காலத்தைக் கழிச்சவன்வே நான். இந்த நிக்கிற கட்டில்ல என்னால ஓட முடியல" என்றார். ஒருநாள் மதினி எனக்குப் போன் செய்து, "தம்பி, இந்த மாசத்தோட போதும்கிறாங்க. நீங்க வந்து சொல்லுங்க" என்று அழுதார். போய்ச் சொன்னேன். சொல்லிக் கேட்கிற விஷயமா அது? டயாலிசிஸை நிறுத்தினால் எத்தனை நாள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

மாப்பிள்ளைதான் ஒரு கையடக்க வீடியோ பிளேயரை வாங்கி யாரிடமோ கொடுத்தனுப்பினார். நாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று. கடைசி டியூட்டியை அதில் ஏற்றுவது என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் மொத்த இடம் நாற்பது ஜிபி. அந்த வீடியோ மட்டும் இருபத்தாறு. பிளேயரோடு வந்த மென்பொருளோ, எதைக் கொடுத்தாலும் முதலில் தன் பெட்டிக்குள் முழுசாக ஒரு நகல் எடுத்துக்கொண்டுதான் மேலே வேலை பார்க்கும். இடமில்லை, இடமில்லை என்று அது கத்தியது. ஸ்டோரில் வேலை பார்த்தவனுக்கு ஒரே சாமானை இரண்டு இடத்தில் எண்ணுவதைப் போல அருவருப்பான காரியம் வேறு கிடையாது. கணக்கில் இரண்டு பேரிங் இருக்கும், கையில் ஒன்றுதான் இருக்கும். மாப்பிள்ளை போனில் பொறுமையாகச் சொன்னார்: "மாமா, செட்டிங்ஸ்ல நகல் எடுக்கறதுக்கு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துடுங்க. ஃபைல் இருக்கற இடத்துலயே இருக்கட்டும். எங்க இருக்குன்னு மட்டும் அது ஞாபகம் வச்சுக்கும். சுருக்கின வீடியோவை நேரா பிளேயருக்குள்ளயே எழுதச் சொல்லுங்க." எனக்கு அது உடனே புரிந்தது. சாமான் ஒரு தட்டில், அதன் பெயர் எழுதிய அட்டை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் தொங்கலாம். டிக்கை எடுத்தேன். ஒரு பகல் முழுக்கக் கம்ப்யூட்டர் முனகியது. சாயங்காலம் கடைசி டியூட்டி பிளேயருக்குள் இருந்தது. மூலம் அசையாமல் தன் இடத்தில் இருந்தது.

மூன்று தடவை அவர் அதைப் பார்த்தார். நாலாவது தடவை பிளேயரை மார்பின் மேல் கவிழ்த்து வைத்தார். "எல்லாமே என்னைய விட்டுப் போய்க்கிட்டே இருக்குவே. தண்டவாளம் போவுது, ஸ்டேஷன் போவுது, இவ போறா. சர்வீஸ் பூராவும் இதைத்தான் பார்த்தேன். இங்க படுத்துக்கிட்டும் இதையா பார்க்கணும்?" பிறகு, பாதி வேடிக்கையாக, "திருப்பி ஓட்ட முடியுமாவே?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. கார்டு பார்த்ததைத் திருப்பி ஓட்டினால் அது டிரைவர் பார்ப்பது அல்லவா? வாழ்நாள் முழுவதும் வண்டியின் முதுகுப்பக்கம் நின்றவருக்கு முன்பக்கம் தெரியும். ஆனால் திருப்புவதற்கு மென்பொருள் முதலில் மூலத்தின் அளவுக்கே இன்னொன்றைச் செய்யும். இன்னொரு இருபத்தாறுக்கு எங்கே போவது? ஒரே பயணத்தைப் போக, வர என்று வைத்தால் அது ஒரு சாமானா, இரண்டா என்று வேறு ஒரு குழப்பம். சிஞ்ச்வட் ஸ்டேஷனில் லோக்கலுக்குக் காத்திருந்தபோது வழி பிடிபட்டது. முழு வண்டியையும் ஒரே மூச்சில் திருப்ப வேண்டியதில்லை. வால் பக்கத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து, அதை மட்டும் திருப்பி, சுருக்கி நேராகப் பிளேயரில் எழுதிவிட்டு, நடுவில் உண்டான பெரிய துண்டை அழித்துவிடலாம். பிறகு அதற்கு முந்தைய துண்டு. எந்த நேரத்திலும் எதுவும் இரட்டிப்பாகாது.

இப்படித்தான் கர்ஜத்திலிருந்து வண்டி புறப்பட்டது. ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் கொஞ்ச தூரம். பலஸ்தரி, தாக்கூர்வாடி, மங்கி ஹில். ரயில் குகைகளின் வாயில் தூரத்து வெளிச்சப் பொட்டு பெரிதாகிப் பெரிதாகிப் பச்சை மலையாக வெடித்தது. மழை தரையிலிருந்து எழுந்து வானத்துக்குப் போயிற்று. தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்மேன்கள் பின்னால் நடந்து போய்த் தங்கள் குடைகளுக்குள் நின்றார்கள். குகைகளை நான் எண்ணினேன். போகும்போது எண்ணியதைவிட வரும்போது ஒன்று கூடுதலாக வந்தது. மறுபடி எண்ணியும் அப்படியே. சகலையிடம் சொன்னால், "ஏறும்போது மலை நீளும்வே. ஸ்டோர்க்காரனுக்கு எங்க தெரியப்போவுது" என்றார். திருப்பிய வண்டிக்குச் சத்தம் கிடையாது. சத்தத்தை அவரே போட்டார். பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கிப் பார்க்கும் அளவுக்கு விசில் அடித்தார். போதும் என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அடுத்த தடவை எதுவரைக்கும் என்பதே பேச்சு.

லோனாவ்லா நெருங்கியபோது எனக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. வண்டி புனே வந்துவிட்டால்? பயணம் முடிந்தது என்று இறங்கிவிட்டால்? நான் துண்டுகளைச் சின்னதாக்கினேன். வியாழக்கிழமை மின்வெட்டைச் சாக்குச் சொன்னேன். கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் என்றுகூடச் சொன்னேன். கண்டாலாவிலேயே நாலைந்து தடவை ஓடியது. சகலை திரையைத் தட்டிக் கேட்டார்: "என்னவே, வண்டிய அவுட்டர்ல போட்டுட்டீரா? சிக்னல் கெடைக்கலையா?"

"மழைல்லா, மெதுவாத்தான் வரும்" என்றேன்.

"கார்டுகிட்ட கதை விடாதீரும். நான் ரிப்போர்ட் எழுதிப்போடுவேன்."

மதினிக்கு எல்லாம் புரிந்திருந்தது. வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "தம்பி, வழியில நிக்கிற வண்டியில உக்காந்திருக்கிறதுதான் அவுகளுக்கு ஆகவே ஆகாது. கொண்டுவந்து சேர்த்துருங்க. எறங்குறதும் எறங்காததும் அவுக பாடு" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு மளவலி, காம்ஷேத், தளேகாவ் எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகச் செய்தேன். சிஞ்ச்வட் கடக்கையில் என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒரு கணம் தெரிந்து போயிற்று.

புனே வந்த அன்று நர்ஸ் மனது வைத்து மதினியையும் என்னையும் சேர்த்து உள்ளே விட்டாள். பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளிக்குச் சேலை வந்தது, கை வந்தது, முகம் வந்தது. காலடியில் உதிர்ந்து கிடந்த பூவிதழ்கள் எழும்பிப் போய் மாலையில் ஒட்டிக்கொண்டன. கையசைப்பு மட்டும் மாறவே இல்லை. வழியனுப்பும் கையும் வரவேற்கும் கையும் ஒரே மாதிரிதான் அசைகின்றன என்பதை அன்றுதான் கண்டேன். சகலை வெகுநேரம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சர்வீஸ் பூராவும் இவ சின்னதாகிப் போறதைத்தான் பார்த்தேன். இன்னைக்குத்தான் பெருசாகி வாரா."

"பெருசாகித்தான் போச்சு. பழைய ரவிக்கை ஒண்ணும் பத்தல" என்றார் மதினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த டயாலிசிஸ் அன்று காலையில் ஒரு லோக்கலைப் போகவிட்டு, அடுத்ததில்தான் கோர்படிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சகலை சட்டை மாட்டி, பையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "லேட்டுவே நீர். இன்னைக்குப் போற வண்டியைப் போடும். வந்தவன் போகணும்லா, டியூட்டின்னா அதுதானே" என்றார்.

அன்றிலிருந்து ஒருநாள் போகிற வண்டி, ஒருநாள் வருகிற வண்டி. அந்தப் பிளேயரில் ஒரே பயணம் இரண்டு தடவை இருந்தது. நான் அதை இரண்டாகவே எண்ணினேன். மூன்று மழைக்காலம் அவர் அந்த டியூட்டி பார்த்தார். பிறகு ஒரு போகிற நாளில் போனார்.

இப்போது மதினி, வெளிநாட்டிலிருந்து பாணேருக்கே திரும்பிவிட்ட மகள் வீட்டில் இருக்கிறார். அந்த வீடியோ குடும்பத்தில் எல்லார் போனிலும் கிடக்கிறது. அது எத்தனை நகல், எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. என்னாலும் எண்ணி முடியவில்லை. போன வாரம் போயிருந்தபோது, "அதைக் கொஞ்சம் போடுங்க தம்பி" என்றார்.

"போறதா, வாரதா மதினி?"

"வாரது."

என் போனில் கடைசித் துண்டைப் போட்டேன். தூரத்துப் புள்ளி வளர்ந்து தன் உருவமாவதை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "நான் பாட்டுக்குக் கையை ஆட்டிக்கிட்டே இருக்கேன். யாருக்கு ஆட்டுறேன்னு இதுல தெரியலையே" என்றார். எங்கள் எல்லாருக்கும் அது சகலை கண்ணால் கண்ட பயணம். மதினி கண்ட கார்டு அதில் எங்குமே இல்லை. படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி ஓரங்களைத் தேடினேன். இடது ஓரத்தில், ஜன்னல் விளிம்பை ஒட்டி, நகக்கண் அளவுக்குப் பச்சையாக ஏதோ தெரிந்தது. கொடியின் முனை. அதைப் பிடித்த கை படத்துக்கு வெளியே இருந்தது. மதினி குனிந்து அந்தப் பச்சையின் மேல் விரலை வைத்தார். விரல் பட்டதும் வண்டி நகர்ந்து, பிளாட்பாரத்தில் நின்ற மதினியை நோக்கி வந்தது.