மாப்பிள்ளை தைத்த சீட்டு

எங்கள் பட்டறையை இரண்டாகப் பிரித்தது ஒரு தகரத் தடுப்பு. இந்தப் பக்கம் எஞ்சின், கியர், பிரேக், நான். அந்தப் பக்கம் சீட்டு, கூரைத் துணி, கதவின் உள்பலகை, டேஷ்போர்டு, என் தங்கையின் கணவர். எந்நேரமும் ஒட்டுப்பசை வாடையோடு இருந்ததால் ஊர் அவரைப் பசைக்காரர் என்றது. எனக்கு அவர் மாப்பிள்ளை. "பசையுள்ள இடம்னு சொன்னாங்க, பொண்ணைக் குடுத்தோம். கையில மட்டும்தான் பசைன்னு கல்யாணத்துக்கு அப்புறம்தானே தெரிஞ்சுது" என்று யார் வந்தாலும் சத்தமாகச் சொல்வேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஒரு கணம் நிற்கும். அவர் சிரிக்கிறார் என்று அர்த்தம்.

எனக்கு வாய் நீளம். கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். ஆனாலும் தங்கை புருஷன் ஆயிற்றே, எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் பேச்சில் 'ங்க' மட்டும் போகாது. "என்னங்க மாப்ள, தலகாணி உறையா தைக்கிறீங்க? வண்டி ஓடுறது என் வேலையில. உங்க வேலையில வண்டி தூங்கத்தான் செய்யும்" என்று மரியாதையோடுதான் திட்டியிருக்கிறேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஆட்டிவிட்டுத் தான் நினைத்ததைத்தான் செய்வார். இப்போது யோசித்தால், அந்தத் தலையாட்டலைப் பார்க்கவே வேண்டுமென்று வம்பிழுத்திருக்கிறேன் போலத் தோன்றுகிறது.

தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்தில் பட்டறை. அதனால் வருவதெல்லாம் காடுமேடு ஏறும் ஜீப்புகள். அந்த வண்டிக்காரர்கள் வெளியே விழுந்த அடியைப் பெருமையாகக் காட்டுவார்கள். உள்ளே விழுந்த அடிக்குத்தான் வீட்டில் திட்டு வாங்குவார்கள். மண்வெட்டிக் காம்பு குத்திக் கிழிந்த கூரைத் துணி, டூல் பெட்டி துள்ளி விழுந்து பிளந்த கதவுப் பலகை, நனைந்த நாய் பிறாண்டிய பின்சீட்டு, சிகரெட் சுட்ட பொத்தல் என்று எல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகும். மாப்பிள்ளை உடனே கத்தரியைத் தூக்கமாட்டார். முதலில் வண்டிக்குள் ஏறி ஒவ்வொரு சீட்டிலும் கொஞ்ச நேரம் உட்காருவார்.

"என்னங்க மாப்ள, ஊர்வலமா போறீங்க?"

"யாரு எப்படி உக்காந்தாங்கன்னு பாக்கறேன் மச்சான்."

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. அதுதான் என் ரத்தத்தைக் கொதிக்க வைக்கும். பழைய சீட்டு உறையைக் கழற்றாமல் அதன் மேலேயே மெல்லிய பஞ்சு வைத்துப் புது உறையைப் போட்டுவிடுவார். தொழிலில் இதற்குச் சோம்பேறி வேலை என்று பெயர். ஒரு வண்டிக்காரர் இதைக் கண்டுபிடித்து வாசலில் நின்று கத்தினார். எனக்கு மானம் போயிற்று. கேட்டால் மாப்பிள்ளை, "உக்காந்தவங்க உடம்புக்குப் பழகின உறை மச்சான். அடியில கிடந்துட்டுப் போகட்டுமே" என்றார். இனிமேல் இந்த வேலை வேண்டாம் என்று கறாராகச் சொன்னேன். தலையாட்டினார்.

அப்படி இருக்கும்போதுதான் சர்வேயரின் மகள் அந்த ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

சர்வேயரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே மலையும் ஆறும் அளந்தவர். ஓய்வு பெற்றபோது ஆபீஸ் அந்த ஜீப்பைக் கழித்துக் கட்டியது. அவரே வாங்கிக்கொண்டார். கொஞ்ச காலத்தில் கண் போய்விட்டது. மனைவியும் இல்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள்தான் அவருக்கு எல்லாம். சாப்பாடு, மாத்திரை, பேப்பர் படித்துக் காட்டுவது, சாயங்காலம் அதே ஜீப்பில் ஆற்றங்கரை வரை கூட்டிக்கொண்டு போவது. அவர் வழக்கம்போல டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவார்.

"அப்பா சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கார் மாமா. திரும்பி வர்றதுக்குள்ள உள்ள எல்லாத்தையும் புதுசாக்கிடணும். அவருக்குத் தெரியக் கூடாது. ஏறி உக்காந்ததும் அவரே தடவிப் பார்த்துச் சந்தோஷப்படணும்" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்திருந்தது.

உள்ளே பார்த்தேன். முன்சீட்டு நடுவில் கிழிந்து, யாரோ சணலால் கோணல்மாணலாகத் தைத்திருந்தார்கள். எதிரே பிடித்துக்கொள்ளும் கம்பியின் ரப்பர் தேய்ந்து ஒரு பள்ளம். டேஷ்போர்டில் நீளமாக ஒரு விரிசல். கூரைத் துணி தொங்கித் தலையில் உரசியது. எல்லாம் சின்னச் சேதம்தான். "மாப்ள, பழசுன்னு ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. உரிச்சுப் போட்டுட்டுப் புதுசா பண்ணுங்க. காதுல விழுதுங்களா?" என்றேன். தலையாட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை. எஞ்சினைப் பிரித்து, அதன் கரகரப்பையெல்லாம் எடுத்து, அவள் கேட்காமலே சைலன்சரையும் மாற்றினேன்.

சும்மா சொல்லக் கூடாது, மாப்பிள்ளை தன் வாழ்நாளிலேயே அப்படி ஒரு சீட்டுத் தைத்ததில்லை. காப்பிப்பொடி நிறத்தில் ரெக்சின், விளிம்பு முழுக்க இரட்டைத் தையல். இரட்டைத் தையல் அவருடைய முத்திரை. ஒரு தையலே போதும் என்று நான் எத்தனை தடவை கத்தினாலும் இரண்டாவதையும் ஓட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அன்று மட்டும் நான் கத்தவில்லை. நான்கூட ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்தேன்.

சர்வேயர் வந்தார். மகள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். பாராட்டு வரும் என்று நான் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் கை பழக்கத்தில் கம்பிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு சீட்டைத் தடவினார், டேஷ்போர்டைத் தடவினார், தலைக்கு மேல் கையை நீட்டிக் கூரைத் துணியைத் தேடினார். மகள் எஞ்சினைக் கிளப்பினாள். என் புண்ணியத்தில் சத்தமே இல்லை.

"இது யார் வண்டிம்மா?"

"நம்ம வண்டிதான்பா. உள்ள சரி பண்ணச் சொன்னேன்."

அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வித்துட்டியா?" என்றார்.

அவள் சத்தியம் செய்தாள். நம்பர் பலகையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். "பலகையை மாத்த எவ்வளவு நேரமாகும்?" என்றார். இறக்கி பானெட்டைத் தொட வைத்தோம். "எல்லா ஜீப்புக்கும் மூக்கு ஒண்ணுதான். எனக்கு உள்பக்கம்தான் தெரியும். கேட்டிருந்தா நானே வித்துக்கோன்னு சொல்லியிருப்பேனேம்மா. எதுக்கு இந்த நாடகம்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. 

சில நாள் கழித்து அவள் மட்டும் வந்தாள். கண் வீங்கியிருந்தது. அப்பா இப்போதெல்லாம் அவள் கொடுக்கும் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரரிடம் காட்டி இது என்ன மாத்திரை என்று கேட்கிறாராம். அவள் படித்துக் காட்டும் பேப்பரை இன்னொருத்தரிடம் திரும்பப் படிக்கச் சொல்கிறாராம். "மருந்துக் கடையில நூறு பேர் என் கையால மாத்திரை வாங்கிட்டுப் போறாங்க மாமா. என் அப்பா வாங்க மாட்டேங்கறார். எப்படியாவது பழைய மாதிரியே ஆக்கிக் குடுங்க" என்றாள்.

பழைய ரப்பரும் கூரைத் துணியும் குப்பையோடு எப்போதோ போய்விட்டன. வேறு வழி தெரியாமல் நாங்களே சேதத்தை உண்டாக்கினோம். கம்பியில் புது ரப்பரைப் பள்ளமாக ராவினோம். டேஷ்போர்டில் அடைத்த விரிசலை மறுபடி கீறினோம். கூரைத் துணியைத் தொங்கவிட்டோம். நன்றாக ஓடும் எஞ்சினைக் கெடுக்க எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் கெடுத்தேன். "வேணாம் மச்சான், இது சரியா வராது. அந்தச் சீட்டு..." என்று மாப்பிள்ளை முனகினார். "சொன்னதைச் செய்யுங்க மாப்ள" என்றேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் சொன்னதை அப்படியே செய்தார். அதுவும் உருப்படவில்லை.

சர்வேயரைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி அழைத்து வந்தாள். ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் சத்தம் கேட்டு முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் கட்டைவிரல் கம்பியின் பள்ளத்துக்குள் போயிற்று.

"இது அரத்தால ராவினது. என் பள்ளம் வழவழன்னு இருக்கும்" என்றார். டேஷ்போர்டைத் தடவினார். "இது கத்தி. போன தடவை நீ மட்டும்தான் ஏமாத்தறேன்னு நெனச்சேன். இப்ப ஆள் சேத்துக்கிட்டு வந்திருக்கே."

அவள் பட்டறைத் தரையில், கிரீசும் மண்ணும் கிடந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.  ஊரையே வாயால் அடக்குகிற நான் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மாப்பிள்ளை தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வெட்டுக்கத்தியோடு வந்தார். நேராக என்னைப் பார்த்து, "திட்டாதீங்க மச்சான்" என்றார். எதற்குச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "ஐயா, கொஞ்சம் ஓரமா நகர்ந்துக்குங்க" என்று சர்வேயரை நகர்த்திவிட்டு, தான் தைத்த அந்தச் சீட்டை நட்டநடுவில் விளிம்பிலிருந்து விளிம்பு வரை கிழித்தார். ரெக்சின் கிழிகிற சத்தத்தில் எனக்கே உடம்பு கூசியது. பஞ்சை விலக்கினார். சர்வேயரின் கையைப் பிடித்து உள்ளே விட்டார்.

அடியில் பழைய உறை அப்படியே இருந்தது.

சர்வேயரின் விரல் சணல் தையலைத் தொட்டது. ஒவ்வொரு தையலாக மெதுவாக நகர்ந்தது. "ஆத்துல வண்டி குலுங்கினப்ப அளக்கற கருவியோட முக்காலிக் கால் குத்திக் கிழிஞ்சுது" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "கோணி ஊசியை வெச்சு நான்தான் தச்சேன். கத்தரி இல்ல, சணலைப் பல்லால கடிச்சேன். முடிச்சு தடியா வந்துடுச்சு. உக்காரும்போதெல்லாம் குத்தும்." விரல் தேடிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. முடிச்சு கிடைத்துவிட்டது.

ரொம்ப நேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு இன்னொரு கையை வெளியே நீட்டிக் காற்றில் துழாவினார்.

"எங்கம்மா இருக்கே?"

"இங்கதான்பா" என்று அவள் எழுந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"மாத்திரைக்கு நேரமாச்சேம்மா. குடு" என்றார். அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை என்னவென்று கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு நான் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். "பழசை உரிக்கச் சொன்னேனா இல்லையா? தலையாட்டினீங்களே."

"தலைதானே மச்சான் ஆடுச்சு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கிழிந்ததைத் தைத்துத் தருகிறேன் என்று மாப்பிள்ளை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சர்வேயர் விடவில்லை. கடைசி வரை அந்தக் கிழிசலுக்குள் கையை வைத்துக்கொண்டுதான் ஆற்றங்கரைக்குப் போய் வந்தார்.

சர்வேயர் இப்போது இல்லை. மாப்பிள்ளையும் இல்லை. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். பட்டறையில் தடுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. புதிதாக யாராவது வந்தால் பழக்க தோஷத்தில் அந்தப் பசை ஜோக்கை இப்போதும் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் மிஷின் நிற்கிறதா என்று காது கேட்கிறது. நிற்பதற்கு ஓடினால்தானே. அவர் இருந்தவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லாத என் வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

போன வாரம் சர்வேயரின் மகள் அதே ஜீப்புக்கு ஆயில் மாற்ற வந்தாள். தலையில் நரை விழுந்திருக்கிறது. வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு நான் பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன். கை தானாகக் கிழிசலுக்குள் போயிற்று. அடியில் சணல், அந்தத் தடித்த முடிச்சு. அது அவள் அப்பா. மேலே ரெக்சின் விளிம்பில் இரண்டு வரிசையாகத் தையல் ஓடியது. கிழித்த இடத்தில்கூட அது பிரியவில்லை. நான் அதைத்தான் தடவிக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப விரிஞ்சுக்கிட்டே போகுது மாமா. டவுன்ல ஒருத்தர் நல்லா பண்றாராம். குடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"குடும்மா" என்றேன். "ஆனா எதையும் உரிக்க வேணாம்னு சொல்லு. மேலேயே போடச் சொல்லு."