மகளின் பாடத்துக்கு வந்த இரண்டு போர்கள்

என் வீட்டுக்காரர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு சோபாவில் இருந்தபடி உலகத்தையே ஓட்டுவார். கூட்டாளிகள் இரண்டு பேர் வருவார்கள். அமெரிக்கா வியட்நாமில் எங்கே பிழைவிட்டது, ரஷ்யா ஆப்கானிஸ்தானில் எதற்குக் காலை வைத்தது என்று தொடங்கும். இந்த வல்லரசுகள் தன்னிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போயிருந்தால் இவ்வளவு நட்டப்பட்டிருக்கத் தேவையில்லை என்பது மாதிரித்தான் இவர் கதைப்பார். நான் மீன் றோல்ஸ் பொரித்துக்கொண்டு போய் வைப்பேன்.

கதை எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். “வியட்நாம்காரன் வெண்டிட்டான். ஆப்கான்காரன் வெண்டிட்டான். எங்கடை போரிலை எங்களுக்கு மட்டும் ஏன் இப்பிடி?” என்று ஒருவர் கேட்பார். பிறகு மூவரும் ஆறிப்போன றோல்ஸைப் பிய்த்துக்கொண்டு இருப்பார்கள். அப்போது மட்டும் எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வரும். மற்ற நேரம் எரிச்சல்தான்.

போன பனிக்காலம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையே பாடமாக வந்தது. இரண்டு வல்லரசுகள், இரண்டு சிறிய நாடுகள், இரண்டு நீண்ட போர்கள். எதில் ஒற்றுமை, எதில் வேற்றுமை என்று வகுப்பில் எழுந்து பேச வேண்டும். இங்கே ஆறுதான் முழுப் புள்ளி. ஐந்து எடுத்தால் நோர்வேக்காரர் கேக் வெட்டுவார்கள். எங்கள் வீடுகளில் மற்ற ஒன்று எங்கே போனது என்று கேட்போம். அவளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. அது அவளுடைய ஆசையா எங்களுடையதா என்பது வேறு விஷயம்.

“புத்தகத்தைப் பாத்து எல்லாரும்தான் சொல்லுவினம். உயிரோடை ஒரு சாட்சி இருந்தால் ஆறு நிச்சயம். இஞ்சேரும், கீழ்மாடி மனிசியைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடும்” என்றார் இவர்.

“அப்பா, ப்ளீஸ், வேண்டாம். அது சரியில்லை” என்றாள் மகள்.

நான் கூப்பிட்டேன்.

கீழ்மாடியில் இருப்பவள் ஆப்கானிஸ்தான்காரி. ஹவுகன்ஸ்டுவா என்ற இந்தப் பகுதிக்கு நாங்கள் குடிவந்த வருடம், குடியிருப்பார் எல்லோரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்கும் டுக்னாட் நாளில், ஒரே சாக்கில் சருகு அள்ளிப் பழக்கமானோம். அவளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில். காலையில் ஒன்றாக நடந்து ரயிலுக்குப் போவோம். இரண்டு பேருக்கும் நோர்வே மொழி அரைகுறை. ஆனாலும் முழங்கால் நோவு, கொத்தமல்லி விலை, பிள்ளைகளின் வாய்க்கொழுப்பு என்று எங்களுக்குக் கதைக்க நிறைய இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒன்று சொன்னால் பின்னேரத்துக்குள் ஒஸ்லோ முழுக்கத் தெரிந்துவிடும். இவளிடம் சொன்னது இவளோடு இருக்கும். நான் எப்படி இந்த நாட்டுக்கு வந்தேன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் அவளைக் கேட்டதில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பதால்தான் இந்த நட்பு நிற்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

நல்ல உடுப்பு உடுத்தி, ஒரு தட்டு நிறையப் பாதாமும் உலர்ந்த முந்திரிகைப்பழமும் எடுத்துக்கொண்டு வந்தாள். மகளின் படிப்புக்கு ஒரு சின்ன உதவி என்று மட்டும் சொல்லியிருந்தேன். படிப்பு என்றதும் அவளுக்குப் பெரிய சந்தோஷம். நான் றோல்ஸைத் தட்டில் அடுக்கினேன். இறைச்சி இல்லை, மீன்தான், பயமில்லாமல் சாப்பிடு என்றேன்.

இவர் கைத்தொலைபேசியை ஒலிப்பதிவுக்குப் போட்டு மேசையில் வைத்தார். பிறகு அவளைக் கேட்காமல் தானே தொடங்கினார். வியட்நாமுக்குக் காடு கைகொடுத்தது, உங்களுக்கு மலை கைகொடுத்தது என்றார். ரஷ்யா போனபிறகு உங்களிடம் அமெரிக்காவும் வந்ததே என்றார். அவருடைய முகம் மலர்ந்திருந்தது. “இரண்டு வல்லரசையும் வீட்டுக்கு அனுப்பின சனம் நீங்கள். வியட்நாமையும் விட நீங்கள்தான் முதலாவது!” பரிசு கொடுப்பவர் மாதிரிச் சொன்னார். அவர் பகிடி பண்ணவில்லை. அவருக்கு உண்மையாகவே அவள்மேல் பொறாமை.

அவள் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். எங்கள் மூவரையும் பார்த்தாள். பிறகு மகளின் பக்கம் திரும்பி, “ஒற்றுமையும் வேற்றுமையும்தானே உனக்கு வேண்டும்?” என்று கேட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போல மெதுவாகச் சொன்னாள்.

“முதல் போரில் அப்பா. மாவு வாங்கப் போனார். இரண்டாவது போரில் தம்பி. கல்யாண வீட்டுக்குப் போனான். போகும்போது இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தது நான். அது ஒற்றுமை. அப்பாவுக்காக ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தம்பிக்காக ஓர் அதிகாரி, மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டார். அது வேற்றுமை.”

இவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். தம்பி எந்தப் பக்கம் என்று கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “அப்பா!” என்று மகள் போட்ட சத்தத்தில் அடங்கினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னொரு றோல்ஸ் எடு என்று தட்டை நீட்டினேன். அவளும் மரியாதைக்கு ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள். நிலம் பிளந்து என்னை உள்ளே இழுத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அவள் போனதும் மகள் முதல் வேலையாக ஒலிப்பதிவை அழித்தாள். தகப்பன் முகத்தையும் என் முகத்தையும் பாராமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்த ஞாயிறு கூட்டாளிகள் வந்தபோது இவர் தனக்குத் தலையிடி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மகள் வகுப்பில் புத்தகத்தில் இருந்ததை மட்டும் பேசினாள். ஐந்து வந்தது. மற்ற ஒன்று எங்கே என்று இவர் கேட்கவில்லை. பிள்ளையை நினைக்க எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது என் மனதில் வந்தது என்னவென்றால், அந்த மாவையும் கல்யாண வீட்டையும் சொல்லியிருந்தால் ஆறு கிடைத்திருக்குமே என்பதுதான். இவரை வாயாலே எத்தனை தடவை திட்டியிருப்பேன். என்னை எதாலே திட்டுவது?

அவள் கண்ணில் படாமல் இருக்கச் சில நாள் முந்திய ரயிலில் போய்ப் பார்த்தேன். எத்தனை நாள்தான் ஒளிப்பது? ஒருநாள் காலை ரயில் மேடையில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் எப்படி என்று கேட்டாள். பிறகு, “மகளுக்கு எத்தனை?” என்றாள்.

“ஐந்து” என்றேன்.

அவளுடைய முகம் வாடிவிட்டது. “ஏன், நான் சொன்னது போதாமல் போய்விட்டதா?”

மகள் அதைச் சொல்லவே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால், பிறகு எதற்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள் என்பாளே. நான் ரயில் வருகிறதா என்று பார்ப்பதுபோலத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் தோளைத் தட்டினாள்.

“கவலைப்படாதே. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்” என்றாள்.