சிவப்பு மையில் எழுதிய மழை

என் மேசை டிராயரில் ஒரு சிவப்பு மைப் பேனா கிடக்கிறது. எங்கள் வானிலை ஆபீஸில் மழை அளக்கும் அப்சர்வராக இருந்த மேடம் மாற்றலாகிப் போகும்போது விட்டுச் சென்றது. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்துவிட்டு வருவார். முந்தின நாள் நாங்கள் சொன்னதற்குப் பக்கத்திலேயே, உண்மையில் பெய்ததை நோட்டில் சிவப்பில் எழுதுவார். சொன்னது பொய்த்திருந்தால், தன்னிடம் கேட்டவர்களைத் தானே போனில் கூப்பிடுவார். "அண்ணே, ஒரு தப்பு சொல்லணும்" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். எந்த ஆபீஸில் இப்படி ஒரு வழக்கம் உண்டு?

கம்ப்யூட்டர் கணித்துத் தரும் மாடல் படங்களை ஒப்பிட்டு, எது நம் பக்கத்துக்குச் சரிப்படும் என்று மண்டையைக் குடைந்துகொள்பவன் நான். அறிக்கை எழுதுவதும் நான். ஆனால் செட்டிகுளத்திலிருந்து ஜெயங்கொண்டம் வரை யார் போன் செய்தாலும், "மேடம் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். நான் எடுத்தால், "அப்புறம் பேசுறேங்க" என்று வைத்துவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும். இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது, பொறாமைதான்.

ஒரு தை மாதம், காலை மாடல்கள் எல்லாமே மழை இல்லை என்றன. செட்டிகுளத்து விவசாயி ஒருவர் சின்ன வெங்காயம் பிடுங்கிக் காயப்போடலாமா என்று கேட்டார். "தாராளமா போடுங்கண்ணே" என்றார் மேடம். மூன்று மணிக்கு வந்த புதுப் படத்தில் அந்தப் பக்கம் முழுக்க மழை தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர் மேசையில் அவர் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது இவர் பேச்சு பொய்க்கட்டுமே என்று தோன்றியது. படத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் மழை ஏறியிருந்தது. என் எதிரிலேயே மேடம் அந்த விவசாயியைக் கூப்பிட்டார். "அண்ணே, ஒரு தப்பு சொல்லணும். என் பேச்சைக் கேட்டு வெங்காயம் நனைஞ்சு போச்சே." விவசாயி உரக்கப் பேசியது எனக்கும் கேட்டது. "பாதி அழுகிடும் போலருக்கு. அதுக்கு நீங்க என்ன தாயி பண்ணுவீங்க, வுடுங்க." குற்ற உணர்ச்சிக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமைதான். தப்பு என்னுடையது, மன்னிப்பு மட்டும் அவருக்குக் கிடைத்துவிட்டது.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. சிவப்பு மையில் இப்போது நான்தான் எழுதுகிறேன். முதலில் வீம்புக்காக ஆரம்பித்தேன், பிறகு விட முடியவில்லை. இன்று காலை, பொய்த்துப்போன மழைக்காக அதே செட்டிகுளத்து விவசாயியைக் கூப்பிட்டேன். பேச்சோடு பேச்சாக, அந்தத் தை மாத மழை எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"அந்தம்மா அன்னிக்கி சாயங்காலம் மறுபடி கூப்ட்டு அழுதுட்டாங்க சார். மொதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

பேனாவை மூடிவிட்டு மேடத்தின் எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, "சார், அங்க மழையா?" என்றார் அதே சிரிப்போடு.

"மழை இல்ல மேடம்," என்றேன். "ஒரு தப்பு சொல்லணும்."